இலை வாடும் வரை

இருபத்திரண்டாம் நாள் காலையிலும் இலைகள் வாடவில்லை.

ஹல்வார் காபிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் நின்றான். அவன் காலடியிலிருந்து காட்டின் விளிம்பு வரை பதினொரு பிர்ச் மரங்கள் கிடந்தன. அவனே மோட்டார் ரம்பத்தால் அறுத்துச் சாய்த்தவை. அடிமரம் ஒரு பக்கம், மண்ணில் விட்டுவந்த வேர்க்கட்டை ஒரு பக்கம், நடுவில் நன்றாக ஒரு முழம் இடைவெளி. ஆனாலும் இலைகள் நேற்றுத்தான் விரிந்ததுபோல மினுங்கின. காற்றே இல்லாத அந்தக் காலையில் அவற்றிலிருந்து ஈர வாசனை வந்தது, மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தில் வருமே, அந்த வாசனை. மழை பெய்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

வடக்கு நார்வேயின் அந்தப் பள்ளத்தாக்கில் விறகு வெட்டத் தெரிந்த எவருக்கும் தெரிந்த வழக்கம் இது. ஜூனில் இலை விட்ட மரத்தைச் சாய்த்து, கிளை கழிக்காமல் அப்படியே போட்டுவிட வேண்டும். மரம் செத்துப்போனது இலைக்குத் தெரியாது. அது பாட்டுக்கு அடிமரத்தில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி வெயிலில் விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு வாரம், மிஞ்சிப்போனால் மூன்று. உறிஞ்ச ஒன்றும் மிச்சம் இல்லை என்றானதும் சுருண்டு, பழுத்து, உதிரும். அதற்கப்புறம் துண்டு போட்டுப் பிளந்து அடுக்கினால், அக்டோபரில் அடுப்பில் வைத்ததும் பற்றிக்கொள்ளும்.

இந்தப் பதினொன்றும் இன்னும் எதையோ குடித்துக்கொண்டிருந்தன.

அந்த ஊரில் ஹல்வாரைப்போல ஒரு ஆள் கிடையாது. எட்டு மாதம் பனியில் புதைந்து கிடக்கிற ஜனங்கள், அஸ்தமிக்காத சூரியனைக் கண்டதும் கோழிக்குஞ்சுகள்போல வெளியே ஓடிவருவார்கள். இவனோ சாலைப் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன். கோடை என்றால் இவனுக்கு அடுப்பு அணைந்து கிடக்கிற காலம், அவ்வளவுதான். ஜூலை மாதத்தில் அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, பழைய சாம்பலை மோந்து பார்ப்பான். கடைக்காரி குன்வோர் அவனை விடவே மாட்டாள்.

"வெயில் அடிக்குதேன்னு துக்கம் கொண்டாடுற ஒரே ஆளு நீதான்யா! என்ன வேணும், ஐஸ்கிரீமா? இல்ல தீப்பெட்டியா?"

"தீப்பெட்டிதான். ரெண்டா குடு" என்பான் இவனும்.

அவன் ஏன் குளிர்காலத்துக்காக அப்படிக் காத்திருந்தான் என்பது குன்வோருக்குத் தெரியாது. வெளியே சொல்கிற விஷயமும் இல்லை. அவன் மனைவி சிக்னேயின் அன்புக்கு ஒரு பருவம் இருந்தது. கோடையில் அவள் இந்த வீட்டில் இருப்பாள், அவ்வளவுதான். சமைப்பாள், துவைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், மாடி அறையில் தனியாகப் படுத்துக்கொள்வாள். அக்டோபரில் முதல் விறகு எரிந்ததும் வேறு ஆளாகிவிடுவாள். அடுப்புக்கு முன்னால் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் தோளில் சாய்ந்து, சின்ன வயதுக் கதையெல்லாம் சொல்வாள். சிரிப்பாள். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவன் வாழ்ந்ததெல்லாம் குளிர்காலங்களில்தான். ஒரு அடுக்கு விறகு கூடினால் அவளோடு இன்னும் ஒரு வாரம் என்று அவன் மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை நினைத்து அவனே சில சமயம் வெட்கப்படுவான்.

இந்த மரங்கள் சிக்னேயின் அண்ணன் தோர்மோட் கொடுத்தவை. சரிவு சிக்னேயின் பிறந்தவீட்டுச் சொத்து. இத்தனை வருடம் அதில் ஒரு குச்சி ஒடிக்க விட்டதில்லை. இந்த ஈஸ்டருக்கு வந்திருந்தபோது தோர்மோட் தானாகவே சொன்னான்.

"மாப்ள, அந்தப் பிர்ச்ச வெட்டிக்க. எல்லாத்தையும். ஆனா ஒண்ணு, அடிமரம் ஒன் வீட்டப் பாத்து விழணும். கிளையில கை வைக்காத. இலை தானா உதிரணும்."

"எதுக்கு மச்சான் வீட்டப் பாத்து?"

"எங்க வீட்டு வழக்கம். செய்யேன்."

தோர்மோட் வீட்டு விறகைப் பற்றி ஹல்வாருக்கு வெகுநாளாக ஒரு பொறாமை உண்டு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அங்கே போவார்கள். ஒரே ஒரு கட்டைதான் போடுவான் தோர்மோட். அது விடியும் வரை சத்தமில்லாமல், நீலமாக, நின்று எரியும். அறை முழுக்கக் கதகதப்பாக இருக்கும். என்ன மரம் மச்சான் என்று கேட்டால் அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த விறகு தனக்கும் கிடைத்துவிட்டது என்று ஈஸ்டரிலிருந்து ஹல்வார் தரையில் கால் பாவாமல் திரிந்தான்.

இப்போது கோப்பை காலியாகிவிட்டது. அது நாலாவது கோப்பை. தொண்டை இன்னும் காய்ந்தே இருந்தது.

தாகம் எப்போது தொடங்கியது என்று அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. வெயில் என்று நினைத்தான். காபி, மோர், கிணற்றுத் தண்ணீர், எதைக் குடித்தாலும் வாயைத் தாண்டியதும் காணாமல் போயிற்று. கல்யாண மோதிரம் முந்தாநாள் பாத்திரம் கழுவும்போது தானாகக் கழன்று விழுந்தது. விரல் நுனிகளில் வெடிப்பு கண்டிருந்தது. நடுவிலிருந்து நாலா பக்கமும் நேர்க்கோடாக ஓடும் வெடிப்பு. ரத்தம் வரவில்லை. அது விறகின் வெட்டுமுகத்தில் விழுகிற வெடிப்பு என்று பார்த்த மாத்திரத்தில் அவனுக்குத் தோன்றியது. தோன்றியதை உடனே தள்ளிவிட்டான்.

விறகுப் பைத்தியங்கள் செய்வதுபோல, மரம் சாய்த்த அன்றே ஒரு அடிமரத்தின் வெட்டுமுனையிலிருந்து சாண் அளவு கட்டை அறுத்து வைத்திருந்தான். வாராவாரம் அதைச் சமையல் தராசில் நிறுத்துப் பார்ப்பான். எடை குறையக் குறைய விறகு காய்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டை ஒழுங்காகத்தான் காய்ந்துகொண்டு வந்தது. மரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று, கீழே கிடந்த ஒன்றின் அடியிலிருந்து இன்னொரு வட்டு அறுத்தான். ரம்பம் பச்சை மரத்தில் பாய்வதுபோலப் பாய்ந்தது. வெட்டுமுகத்தில் நீர் முத்து முத்தாகக் கோர்த்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழிந்தது.

அந்தத் தாகத்தில் அவன் யோசிக்கவில்லை. நாக்கை நீட்டி நக்கினான்.

பிர்ச் நீர் லேசாக இனிக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இது கரித்தது. வேலை செய்து களைத்தவன் மேலுதட்டைத் துடைக்கும்போது வருகிற கரிப்பு. ஹல்வார் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். இருபத்தெட்டு டிகிரி வெயிலில் ரம்பம் பிடித்த மனுஷனின் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

சாப்பாட்டு மேசையில் சிக்னேயிடம் சொன்னான்.

"நாளைக்கு கிளையெல்லாம் கழிச்சிடலாம்னு பாக்கறேன். ஏதோ சரியில்ல."

அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, ஜூலை மாதத்தில், சூரியன் ஜன்னலில் அடித்துக்கொண்டிருக்கும்போது, அவன் கைமேல் தன் கையை வைத்தாள்.

"அவசரப்படாத ஹல்வார். இன்னும் பத்தே நாளு. எனக்காக."

"உனக்காகவா?"

"எனக்கும் அந்த அடுப்ப எப்படா பத்த வைப்போம்னு இருக்கு. நீ மட்டுந்தான் காத்துக்கிட்டிருக்கேன்னு நெனச்சியா?"

அந்த முட்டாள் மனுஷன் அதில் உருகிப்போனான். பதினெட்டு கோடைகளில் அவள் அவனை முதல் தடவையாகத் தொட்டிருக்கிறாள். அவளும் காத்திருக்கிறாளாம்! வெடித்த விரல்களையும் கரித்த மரத்தையும் மறந்தான். ஐந்து நாள் அந்தச் சந்தோஷத்திலேயே ஓடியது. நடக்கும்போது முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி குறைவதையும், சட்டை தோளில் தொங்குவதையும், படிக்கட்டு தன் காலடியில் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டதையும் கவனித்தான். இருந்தாலும் வாய் திறக்கவில்லை. சொன்னால் அவள் கையை எடுத்துக்கொள்வாளோ என்று பயம்.

ஐந்தாம் நாள் சாப்பாடு முடிந்து, நாலு மணிக்குச் சாப்பிடுகிற அந்த ஊரில் எல்லோரும் செய்வதுபோலச் சமையலறைச் சாய்வுப் பெஞ்சில் ஒரு குட்டித் தூக்கத்துக்குப் படுத்தான். மாலை ஐந்து மணி. திரைச்சீலை வழியாக வெயில் மஞ்சளாக இறங்கியது. ஈ ஒன்று கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தது. வெளியே, காற்றில்லாத வெளியில், இலைகள் சலசலத்தன. அவனுக்குத் தூக்கம் வரவில்லை, கண்ணை மட்டும் மூடியிருந்தான்.

சிக்னேயின் காலடி வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு.

பக்கத்தில் மண்டியிட்டாள். அவள் மூச்சு அவன் முழங்காலில் பட்டது. முத்தம் கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தான். அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவள் விரல் முட்டியால் அவன் கணுக்காலுக்கு மேலே இரண்டு தட்டுத் தட்டினாள்.

டங். டங்.

கேட்டாள். கொஞ்சம் மேலே போய், தொடையில் தட்டினாள். அங்கே காய்ந்த விறகின் சத்தம் இல்லை, தொப் என்று சதைச் சத்தம். உச்சுக் கொட்டினாள். அவன் விலாவில் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். பிறகு எழுந்து நடைக்கூடத்துக்குப் போனாள். தொலைபேசி எண் சுழற்றும் சத்தம் கேட்டது.

"அண்ணே, நாந்தான். ம்... தூங்கறாரு. இல்லண்ணே, இன்னும் முழுசா ஆகல. முழங்காலுக்குக் கீழ நல்லா கேக்குது. மேல இன்னும் மந்தமாத்தான் இருக்கு... அதுக்குத்தான் காரை எடுத்துட்டுப் போகச் சொன்னேன், பாவம், அலையவேண்டாம்னு... ஆமா. நெஞ்சுதான் கடைசியாம், அம்மா சொல்லுவாங்கள்ல."

ஹல்வார் அசையாமல் கிடந்தான். ஈ இன்னும் முட்டிக்கொண்டிருந்தது. பிரேக் சத்தம் போடுகிறது, சரி பண்ணித் தருகிறேன் என்று தோர்மோட் செவ்வாய்க்கிழமை காரை எடுத்துக்கொண்டு போயிருந்தான். எவ்வளவு நல்ல மச்சான் என்று நினைத்தான் அன்றைக்கு.

அவள் கூடையை எடுத்துக்கொண்டு பழம் பறிக்கத் தோட்டத்துக்குப் போகும் வரை காத்திருந்தான். எழுந்து தொலைபேசியைக் கையில் எடுத்தான். யாரைக் கூப்பிடுவது? ஏதாவது ஒன்றென்றால் பதினெட்டு வருடமாக அவன் கூப்பிட்டது தோர்மோடைத்தான். கடைக்குப் போன் செய்யலாம். செய்து என்ன சொல்வது? பொண்டாட்டி என் காலைத் தட்டிப் பார்த்தாள் குன்வோர் என்றா? அவள் சிரித்துவிட்டு இன்னொரு தீப்பெட்டி வேண்டுமா என்று கேட்பாள். கடை ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. இந்தக் கால்களால் வாசலைத் தாண்டுவதே பெரிய காரியம். அழப் பார்த்தான். கண் எரிந்தது, எதுவும் வரவில்லை.

அப்போதுதான் உருப்படியான ஒரு எண்ணம் வந்தது. இலை குடிக்கிறது. இலை இல்லாவிட்டால்?

கோடரியை ஊன்றி ஊன்றிச் சரிவில் இறங்கினான். முதல் மரத்தின் முதல் கிளை. ஒரே வெட்டு. கிளை விழுந்தது. விழுந்த இலைகள் அந்த நொடியே பழுத்து, சுருண்டு, பொடியாயின. அவன் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. தொட்டுப் பார்த்தான். ஈரம்.

வியர்வை! ஒரு சொட்டு வியர்வை!

பைத்தியம் பிடித்தவன்போல வெட்டினான். இரண்டாவது கிளை. மூன்றாவது. உச்சி வரை. வாயில் எச்சில் ஊறியது. பாதத்தில் ஊசி குத்துவதுபோல உணர்ச்சி திரும்பியது. வலித்தது, அந்த வலி அத்தனை இனிமையாக இருந்தது. ஒரு மரம் முடிந்தது. இன்னும் பத்து. முடியும். ராத்திரி வராத ஊர், வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, முடியும்.

"போதும் மாப்ள."

தோர்மோட் இரண்டாவது மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சிக்னே, மடியில் பழக்கூடையோடு. எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. கார் சத்தம் கேட்கவே இல்லை.

"ஒரு மரம் வீணாப் போச்சு" என்றாள் சிக்னே. கோபமில்லை. பால் பொங்கி வழிந்துவிட்டால் சொல்வாளே, அந்தக் குரல்.

"என்னடி பண்றீங்க என்னைய? நான் உனக்கு என்ன கொறை வச்சேன்?"

தோர்மோட்தான் பேசினான், தலையைக் குனிந்துகொண்டு.

"அப்பா முடிஞ்சு போயிட்டாரு மாப்ள. பதினஞ்சு குளிர்காலம் வந்தாரு. போன மார்ச்சுல கடைசிக் கட்டை. அடுப்பு அணைஞ்சிருச்சு."

ஹல்வாருக்கு முதலில் புரியவில்லை. அவர்களுடைய அப்பா பதினைந்து வருடம் முன்னால் ஏரியில் போனவர். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. மூன்று நாள், கை தோல் உரிய உரிய, இவன்தான் துடுப்புப் போட்டுத் தேடினான். இவர்கள் இரண்டு பேரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புரிந்தது. பதினைந்து கிறிஸ்துமஸ். அந்த நீலத் தீ. அதன் முன்னால் கையை நீட்டி, உள்ளங்கையைத் தேய்த்துத் தேய்த்துக் குளிர்காய்ந்தானே. அருமையான விறகு மச்சான் என்றானே.

உள்ளங்கைகளைச் சட்டையில் அழுந்தத் துடைத்தான்.

"அவர அம்மாதான் செஞ்சாங்க" என்றாள் சிக்னே. "அம்மாவுக்கு அப்பான்னா உயிர்."

"அப்ப நான்? என்மேல உனக்கு அன்பே இல்லையா? ஒரு நாளும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். குளிர்காலத்துக் கண்கள். அவன் வருடம் முழுக்கக் காத்துக் கிடந்த அதே கண்கள்.

"இல்லாமயா? அன்பு இல்லாத ஆள வச்சா சூடு நிக்காது ஹல்வார். பதினெட்டு வருஷம் ஆச்சு எனக்கு, ஒன்மேல அவ்வளவு அன்பு வர்றதுக்கு. ஈஸ்டருலதான் சரியா வந்துச்சு."

கோடரியை ஓங்கினான். தோர்மோட் எழுந்து, குழந்தையிடமிருந்து வாங்குவதுபோல அதை வாங்கிக் கீழே வைத்தான். பிறகு முழங்கையை மடக்கி, அதில் அவனைச் சாத்தித் தூக்கினான். ஒரே கையால். கனமே தெரியாததுபோல.

கத்தினான். காய்ந்த தொண்டையில் கிறீச்சென்று ஒரு சத்தம்தான் வந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவில், அவர்கள் அவனை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். தலை காட்டைப் பார்த்து. கால் வீட்டைப் பார்த்து. சிக்னே குனிந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டாள். மரத்தோடு இருந்த பக்கத்துக் கிளைகளை ஒவ்வொன்றாக வளைத்து, போர்வை போர்த்துவதுபோல, அவன்மேல் போட்டாள்.

"வலிக்காது" என்றாள்.

போய்விட்டார்கள். சமையலறையில் புகைக்குழாயைக் கழற்றி இரும்புக் கம்பியால் சுரண்டும் சத்தம் கேட்டது. சிக்னே ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். ஜூலை மாதத்தில் அவள் பாடி அவன் கேட்டதே இல்லை.

இலைகள் இறங்கின. காற்றில்லை. அவையாக.

முதலில் உதட்டில். பிறகு அக்குளில், தொப்புளில், எங்கெல்லாம் கொஞ்சம் ஈரம் பாக்கி இருந்ததோ அங்கெல்லாம். சில்லென்று, பூனை நாக்குப் போல. கண்ணை மூடலாம் என்று பார்த்தான். இமை மூடவில்லை. காய்ந்துவிட்டது. நேர் மேலே அஸ்தமிக்காத வானம். அதற்கு முன்னால் ஒரே ஒரு இலை, காம்பை வளைத்து, வழி தேடி, மெல்ல இறங்கியது. அதன் நரம்புகளெல்லாம் தெரிந்தன. பச்சை பெரிதாகிக்கொண்டே வந்து, அவன் திறந்த வலது கண்ணின்மேல் பதமாகப் படிந்து, குடிக்கத் தொடங்கியது.

இடது கண்ணுக்கு இன்னொன்று வந்துகொண்டிருந்தது.